அருளா, அவசரமா? திருவிழாக் களத்தில் தொண்டர்கள் அறிய வேண்டிய முதற்பார்வை

வெண்மேகம் வந்து தங்கிச் செல்லும் தேயிலைக் குன்றுகளுக்கிடையே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பது ரிங்லெட். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டறிந்து குறிப்பெழுதிய பின்னரும் நெடுங்காலம் இது காடாகவே கிடந்தது. 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தோன்றியதையொட்டி நம் முன்னோர் இங்கு வந்து குடியேறினர். காடு திருத்திக் கொழுந்து வளர்த்த அக்கரங்களே லயத்துக்கு அருகில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மா என்று அழைத்தன. இன்று கேமரன் மலையில் காணும் ஆலயங்கள் பலவற்றின் வரலாறும் இவ்வாறு தொடங்கியதேயாகும்.

திருவிழாச் சிறப்பிதழில் அம்மன் பெருமையையும் உபயகாரர் பட்டியலையும் எதிர்பார்க்கும் மெய்யன்பர்கள், இக்கட்டுரை வேறொரு பொருளைப் பேசுவதைக் கண்டு வியப்புறக்கூடும். பால்குடம், காவடி, பூக்குழி, அன்னதானம் ஆகிய அனைத்துக்கும் நாம் குழு அமைக்கின்றோம். கூட்டத்தில் ஒருவர் சாய்ந்து விழுந்தால் அவரை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதற்கு மட்டும் பெரும்பாலான ஆலயங்களில் ஏற்பாடு இருப்பதில்லை. செம்பிறைச் சங்கத்திலும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அணியிலும் முதலுதவிப் பயிற்சி பெற்றுவரும் நம் இளைஞர்களும், ஆலயத் தொண்டர்களும், அவர்களுக்கு வழிவிட்டு நிற்க வேண்டிய பக்தப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கு எழுதத் துணிந்தேன். அடியேன் மருத்துவன் அல்லேன். பயிற்சி வகுப்புகளில் அமர்ந்து கேட்டவற்றையும், பல ஆண்டுத் திருவிழாக்களில் கண்டவற்றையும் தொகுத்தே இதனை எழுதுகின்றேன்.

வைத்தியம் வந்து சேரும் தூரம்

பட்டணத்து ஆலயங்களுக்கும் நமக்கும் உள்ள முதல் வேறுபாடு தூரமே. பத்துமலைத் தைப்பூசத்தில் முதலுதவி அணிகள் ஆண்டுதோறும் கூடாரமிட்டுச் சேவை புரிகின்றன. பெரிய மருத்துவமனைகளும் அருகிலேயே உள்ளன. ரிங்லெட்டில் நமக்குக் கிளினிக் உண்டு. ஆயினும் மருத்துவமனை இருப்பது தானா ராத்தாவில். இடையில் 13 கிலோமீட்டர் அளவுக்கு வளைந்து ஏறும் ஒற்றைச் சாலை. விடுமுறை நாளெனில் சுற்றுலா வாகனங்களின் நெரிசல் வேறு. அங்கு இயலாத சிகிச்சைக்கு நோயாளியை மலையிறக்கி ஈப்போவுக்குக் கொண்டு செல்வதும் உண்டு. 2014ஆம் ஆண்டு நவம்பரில் மண்சரிவும் சேற்றுவெள்ளமும் ரிங்லெட்டையும் பெர்த்தாம் வேலியையும் தாக்கி உயிர்களைப் பலிகொண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். மழைக்காலத்தில் இச்சாலையை நம்பி நேரத்தைக் கணக்கிடுதல் இயலாது.

ஆகவே ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரையிலான அந்த அரைமணி அல்லது ஒருமணி நேரம் நம் கையில்தான் இருக்கின்றது. முன்னாளில் தோட்டங்களில் டிரஸர் இருந்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகங்கள் மீது மருத்துவப் பொறுப்பைச் சுமத்தியிருந்தமையால் தோட்டத்து ஆஸ்பத்திரியும் அவரும் இருந்தனர். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்ப்பதும், நாடியைப் பிடித்துக் கடிகாரத்தை நோக்குவதும், "என்ன சாப்பிட்டாய், எப்போது சாப்பிட்டாய்?" என்று வினவுவதுமாக அவர் செய்த பரிசோதனையை மூத்தோர் நினைவுகூர்வர். இன்று மருத்துவ உதவி அதிகாரிகள் என்று அழைக்கப்படுவோர் அந்த மரபின் வழித்தோன்றல்களே. அவர்கள் கிளினிக்கிலும் மருத்துவமனையிலும் இருக்கின்றனர். திருவிழாக் கூட்டத்தின் நடுவில் நிற்பவர் நம் தொண்டரே.

பெயர் சூட்டுவதற்கு முன் பார்வை

திருவிழாக் களத்தில் ஒருவர் தள்ளாடினால் சுற்றியிருப்போர் நொடிப்பொழுதில் நான்கு பெயர்களுள் ஒன்றைச் சூட்டிவிடுகின்றனர்: சாமி வந்திருக்கிறது, குடித்திருக்கிறார், வாயு பிடித்திருக்கிறது, வெறும் மயக்கம். பெயர் சூட்டிய அக்கணத்திலேயே ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது. பயிற்சி பெறும் தொண்டர் முதலில் கற்க வேண்டியது இப்பெயர்களைச் சற்று நேரம் வாயில் வாராமல் அடக்குதலே. முதலில் பார்த்தல் வேண்டும். பெயர் பின்னர் வரட்டும்.

பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலாவதாக இடம் ஆபத்தற்றதா என நோக்குக. பூக்குழியின் ஓரம், தேர்ச்சக்கரம், அன்னதானக் கொப்பரை, மின்விளக்குக் கம்பி ஆகியவை காப்பாற்றச் சென்றவரையும் வீழ்த்தும். அடுத்து, தோளைத் தட்டி உரக்க அழைத்துப் பார்க்க வேண்டும். விழிப்புடன் உள்ளாரா, குரலுக்கு மட்டும் கண் திறக்கிறாரா, கிள்ளினால் மட்டும் அசைகிறாரா, எதற்குமே அசைவில்லையா என்னும் நான்கு படிகளுள் அவர் எந்தப் படியில் உள்ளார் என்பதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தால் ஏறியிருக்கிறாரா, இறங்கியிருக்கிறாரா என்பது புலனாகும். இறங்குவாராயின் வேறு எந்த அடையாளத்துக்கும் காத்திராமல் அதனை அவசரம் எனக் கொள்ளலாம்.

அதன் பின்னர் மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்னும் வரிசை வரும். 1950களில் பீட்டர் சாஃபர் என்னும் மருத்துவர் வகுத்துத் தந்த இவ்வொழுங்கு இன்றளவும் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது. நெற்றியைப் பின்னே சாய்த்து, மோவாயை உயர்த்தி, மார்பு ஏறி இறங்குகிறதா எனப் பத்து விநாடிக்கு மிகாமல் நோக்குக. ஒரு நிமிடத்தில் 12 முதல் 20 மூச்சு என்பது வளர்ந்தோர்க்கு இயல்பு. கரையில் கிடக்கும் மீன்போல் எப்போதாவது ஒருமுறை வாய் திறந்து இழுப்பது மூச்சாகாது. அது நின்றுபோன இதயத்தின் அறிகுறி. "மூச்சு இருக்கிறது, பயமில்லை" என்று கூட்டத்தார் கூறுவதை அவ்வேளையில் நம்பலாகாது.

நம் மலைக்கும் நம் வழிபாட்டுக்கும் உரிய சில நுணுக்கங்கள் பாடநூல்களில் இரா. விரல் நுனியை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும் என்று கற்பிக்கின்றனர். கேமரன் மலையின் இரவுக் குளிரில் நலமுடன் நிற்பவரின் விரலும் சில்லிட்டே இருக்கும். விரலில் மாட்டும் உயிர்வளிமானியும் குளிர்ந்த விரலில் தவறான எண்ணைக் காட்டக்கூடும். அவ்வேளையில் மார்பின் நடுவே அழுத்திப் பார்ப்பதே தக்கது. முகத்தில் மஞ்சளும் நெற்றி நிறையத் திருநீறும் பூசியவரிடம் முகவெளுப்பைக் காண இயலாது; கீழிமையின் உட்புறத்தையும் உதட்டையும் ஈறையும் பார்க்க வேண்டும். எல்லாரும் சுவெட்டருக்குள் கைகட்டி நிற்கும் இரவில், ஆடாமல் ஓடாமல் நின்ற ஒருவர் மட்டும் வியர்த்து நனைந்து காணப்படுவாராயின், அவர் வாய்திறந்து ஒன்றும் கூறாவிடினும் தொண்டர் அவர் அருகில் சென்றாக வேண்டும்.

அருள் நிலையும் நோய் நிலையும்

இப்பகுதியை எழுதுவதற்கு அடியேன் மிகவும் தயங்கினேன். அருள் வருதல் நம் சமயத்தில் போற்றுதலுக்குரியது. அதனை நோயென்று இழித்துரைப்பது என் நோக்கமன்று. ஆயினும் அருள் வந்தவரும் மனிதவுடல் தாங்கியவரே. காவடி சுமப்பவரின் சர்க்கரை குறையாது என்றோ, அம்மன் முன்னிலையில் மாரடைப்பு நேராது என்றோ எவரும் உறுதி கூறவில்லை.

அருள் நிலையில் உள்ளவரைப் பல ஆண்டுகள் அருகிருந்து பார்த்தவர்கள் சில பொது இயல்புகளைக் கூறுவர். அவர் உறுமியின் ஓசைக்கு இயைந்து ஆடுகின்றார். ஓசை தணிந்தால் தணிகின்றார். விழப்போகும்போது தம்மைத் தாங்கிக்கொள்கின்றார். பூசாரியின் குரலுக்கு ஏதோ ஒரு வகையில் மறுமொழி தருகின்றார். திருநீறு இட்டு, எலுமிச்சை தந்து, அமரவைத்தபின் சில நிமிடங்களில் தம் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்கின்றார். நோயுற்றவரிடம் இவ்வொழுங்கு இராது. மேளம் நின்ற பின்னும் கைகால் வெட்டுதல், தாளத்தோடு பொருந்தாத ஒரே சீரான இழுப்பு, ஒருபக்கம் மட்டும் தளர்தல், உதடு நீலம் பாய்தல், நாக்கைக் கடித்துக் குருதி வருதல், ஆடை நனையச் சிறுநீர் பிரிதல், குளிர்ந்த வியர்வை, குழறிய பேச்சு, தடுப்பார் இன்றிப் பொத்தென்று விழுதல் ஆகிய இவற்றுள் ஒன்று காணப்படினும் மேளத்தை நிறுத்தி இடம் ஒதுக்குதல் வேண்டும்.

இவ்வியல்புகள் அனைத்தும் உதவியேயன்றி முடிவான சான்றல்ல. ஐயம் எழுமிடத்தில் எதனைக் கொள்வது? நோயென்று கொண்டு சோதித்துப் பார்ப்பதே முறை. அருள் வந்தவரின் நாடியைப் பிடிப்பதாலும், விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதாலும் அம்மனுக்குக் குறையேதும் நேர்ந்துவிடாது. நோயுற்றவரைச் சுற்றிக் குலவையிட்டுக்கொண்டு நிற்பதால் நேரும் இழப்போ ஈடு செய்ய முடியாதது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத் திருவிழாவில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் காவடி இறக்கிய பின்னரும் கண் சொருகி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, பிடிக்க வந்தோரை உதறித் தள்ளினார். "இன்னும் மலையேறவில்லை" என்று கூறி மஞ்சள்நீரைக் குடம் குடமாக ஊற்றினர். அங்கு வந்திருந்த ஓய்வுபெற்ற மருத்துவமனைப் பணியாளர் ஒருவர் பிடரியில் கைவைத்துப் பார்த்து, "தண்ணீரை நிறுத்துங்கள், இது வியர்வை" என்றார். காலையில் வழக்கமான மாத்திரையை விழுங்கியவர் விரதத்தின் பொருட்டு உணவு கொள்ளவில்லை என்பதை மனைவியாரிடம் கேட்டறிந்தார். விழுங்கும் நிலையில் இருந்தமையால் சர்க்கரை கரைத்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தார். கால்மணி நேரத்துக்குள் அம்மனிதர் எழுந்தமர்ந்து, ஏன் எல்லாரும் தம்மைச் சூழ்ந்து நிற்கின்றனர் என்று வினவினார்.

விரதமும் சர்க்கரையும்

2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி இந்நாட்டு வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் அது 15.6 விழுக்காடு. 2019 ஆய்வில் இனவாரியாக நோக்கின் முன்னணியில் நின்றவர்கள் நாமே. இது பெருமைப்படத்தக்க முதலிடம் அன்று. எனவே நம் ஆலயக் கூட்டத்தில் மயங்கி விழும் எவரிடத்தும் முதலில் ஐயுற வேண்டியது சர்க்கரையையே.

இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை உட்கொள்வோரும் உணவைத் தவிர்த்தால் சர்க்கரை சட்டென இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோர்க்கு இவ்வபாயம் மிகக் குறைவு. நடுக்கம், படபடப்பு, வியர்வை, பெரும்பசி ஆகியவை முதலில் தோன்றும். அடுத்து எரிச்சல், பிதற்றல், தள்ளாட்டம். முடிவில் வலிப்பும் நினைவிழப்பும். இடைப்பட்ட நிலையில் அவர் குடித்தவர் போலவே காணப்படுவார். திருவிழாக் காவலர்கள் இழுத்துச்சென்று வெளியில் விடத் துணிவது இத்தகையோரையே. ஆகவே "குடித்திருக்கிறார்" என்னும் சொல் காதில் விழுந்தவுடன் தொண்டர் குளுக்கோமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழிருப்பின் ஐயத்துக்கு இடமில்லை. கருவி இல்லையெனில், விழுங்கக்கூடிய நிலையில் உள்ளவர்க்குச் சர்க்கரை கொடுத்துப் பார்ப்பதால் தீங்கில்லை.

எதனைக் கொடுப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்த நீர் போதும். ஆலயத்திலேயே கிடைக்கும் பானகம் மிகப் பொருத்தமானது. வெல்லம் விரைந்து இரத்தத்தில் சேரும். பக்கத்துப் பந்தலில் கிடைக்கும் நீர்மோர் இதற்குப் பயன்படாது. உப்பும் நீரும் இழந்து சோர்ந்தவர்க்கு அது நல்லது. சர்க்கரை இழந்தவர்க்கு அதில் ஒன்றுமில்லை. பஞ்சாமிர்தத்தில் இனிப்பு உண்டெனினும் வாழைப்பழமும் நெய்யும் கலந்திருத்தலால் சற்றுத் தாமதமாகும். "சர்க்கரை இல்லாதது" என்று அச்சிட்ட குளிர்பானத்தை ஊற்றிவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு! கால்மணி கழித்து மீண்டும் சோதித்து, தேறாவிடில் மறுபடியும் கொடுத்து, தேறியபின் சோறோ ரொட்டியோ உண்ணச் செய்தல் வேண்டும். நினைவற்றவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. தீர்த்தமும் அதில் அடங்கும். அது மூச்சுக்குழலில் இறங்கும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 999ஐ அழைக்க வேண்டும்.

நேர்த்திக்கடனுக்குப் பெயர் கொடுக்கும் அன்பர்கள், விரதம் தொடங்கும் முன்னரே தம் மருத்துவரிடம் மாத்திரை அளவைக் கேட்டறிந்து வருவார்களாயின் மேற்கூறியவற்றில் பாதிக்கு அவசியமே எழாது.

வாயுவின் மேல் பழி

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அமர்ந்தால் ஓமத்தண்ணீர், இஞ்சிச் சாறு, முதுகில் தைலம் என்று உபசாரங்கள் தொடங்கிவிடுகின்றன. வாயுவினால் நெஞ்சு வலிப்பதும் உண்டுதான். ஆயினும் அதனை வாயுவென்று உறுதி செய்யும் கருவி மருத்துவமனையில் உள்ளதேயன்றி நம் வீட்டுப் பாட்டியாரிடம் இல்லை. நெஞ்சின் நடுவே பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சுத்திணறல் இவை மாரடைப்பின் அடையாளங்கள். பெண்களுக்கும், நீண்டகால நீரிழிவு உள்ளோர்க்கும், முதியோர்க்கும் வலி தோன்றாமலே காரணமற்ற சோர்வும் மூச்சுவாங்கலும் வியர்வையும் மட்டும் தோன்றக்கூடும். வலி இல்லை என்பதால் இதயம் நலம் என்று முடிவு கட்டலாகாது.

அவரை நடக்கவிடாமல், சாய்ந்து அமரவைத்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, 999ஐ அழைக்க வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இரத்தக்கசிவு நோயோ இல்லாதவர்க்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்வது வழக்கம். அழைப்பில் உள்ள மருத்துவப் பணியாளரைக் கேட்டே தருவது நன்று. கோயில் மேட்டிலிருந்து வாகனம் நிற்குமிடம் வரை அவரே படியிறங்கி வருவதாகக் கூறினும் இசையலாகாது. நாற்காலியோடு தூக்குங்கள்.

அவர் நினைவிழந்து மூச்சும் நின்றால் அக்கணமே மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். இம்முறை 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களால் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆழம் 5 சென்டிமீட்டர், 6க்கு மேற்படாமல். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பயிற்சி பெற்றோர் 30 அழுத்தத்துக்கு இரண்டு முறை மூச்சு ஊதுவர்; ஏனையோர் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறாவிடில் கை சோர்ந்து ஆழம் குறையும். நம் மேளக்கார இளைஞர்கள் தாளம் தவறாதவர்கள், கைவலிமையும் உள்ளவர்கள். இப்பயிற்சிக்கு அவர்களை முதலில் அழைத்தல் வேண்டும் என்பது அடியேனின் நெடுநாள் எண்ணம்.

முகம், கை, பேச்சு

பக்கவாதத்தை அறிய மூன்று சோதனைகள் போதும். சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் நீட்டி உயர்த்தச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா? ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால் குழறுகிறதா? ஒன்று இருப்பினும் அழைக்க வேண்டியதே. கன்னத்தில் அலகு குத்தியவரிடமும் மௌன விரதம் பூண்டவரிடமும் சிரிப்பும் பேச்சும் சோதனைக்கு உதவா. அவர்களிடம் கைகளையும் நடையையும் நோக்குக.

இதில் காலமே மருந்து. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் மூளையைப் படமெடுத்து, கசிவா அடைப்பா என அறிய வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தில் நம் மலைச்சாலை எவ்வளவை விழுங்கும் என்பதை ரிங்லெட் வாழ் அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "கடைசியாக இவர் நலமாக இருந்ததை யார், எத்தனை மணிக்குக் கண்டீர்?" என்னும் வினாவுக்கு விடையைக் கேட்டு எழுதிக்கொள்வது தொண்டர் செய்யக்கூடிய பேருதவி. விரல் நுனிகளில் ஊசியால் குத்தி இரத்தம் விட்டால் பக்கவாதம் நீங்கும் என்றொரு செய்தி புலனத்தில் சுற்றி வருகின்றது. அதனை எவரும் பின்பற்றலாகாது. பயனில்லாததோடு நேரமும் வீணாகும். விரலில் குத்துவது சர்க்கரை பார்ப்பதற்காக மட்டும் இருக்கட்டும். தாழ்சர்க்கரையும் சிலவேளை பக்கவாதம் போலவே தோன்றுமாதலால் அச்சோதனை இங்கும் தேவை.

வலிப்பு, புகை, பூக்குழி

காக்காய் வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. வலிப்பு இரண்டொரு நிமிடத்தில் தானாக நிற்பதே பெரும்பான்மை. புகழ் சாவிக்குப் போய்ச் சேர்கிறது. கைகால்களை அமுக்கிப் பிடிக்காமல், பற்களுக்கிடையே எதனையும் வைக்காமல், தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைக் கடந்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும், முதன்முறையாக வந்ததாயினும், கருவுற்ற பெண்ணுக்கு வந்ததாயினும் 999ஐ அழைப்பதில் தாமதம் கூடாது.

நெடுநேரம் நின்று மயங்கியவரைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிவார். தெளியாவிடில் அது மயக்கமன்று. மேற்சொன்ன சோதனைகளை முதலிலிருந்து தொடங்குக.

கர்ப்பூரமும் சாம்பிராணியும் ஆஸ்துமா உள்ளோர்க்கு ஆகா. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க இயலாமல் சொல் சொல்லாகப் பேசுபவர் ஆபத்தில் இருக்கின்றார். இரைச்சலோடு மூச்சுவிட்டவர் திடீரென ஓசையடங்கிச் சோர்ந்தால் தேறிவிட்டார் என மகிழலாகாது. காற்றே போகாத நிலை அது. அவருடைய நீல நிற மூச்சுமருந்தைப் பயன்படுத்தச் செய்து, புகையிலிருந்து வெளியே கொணர்ந்து, அமர்ந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும்.

பூக்குழியில் காலோ கையோ வெந்துவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் முழுமையாக 20 நிமிடம் காட்ட வேண்டும். நம் மலையில் நீருக்குப் பஞ்சமில்லை; பொறுமைக்குத்தான் பஞ்சம். இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துப் பற்பசையும் கறுப்புச் சோயாவும் மஞ்சளும் அப்புவோர் ஏராளம். பனிக்கட்டியும் ஆகாது. வீங்குமுன் மெட்டி, கொலுசு, மோதிரங்களைக் கழற்றிவிடுக. ஒட்டிக்கொண்ட ஆடையைப் பிய்க்க வேண்டா. குழந்தையாயின், காயத்தை நனைக்கும்போதே ஏனைய உடலைப் போர்த்திவைக்க வேண்டும். நம் இரவுக் குளிர் பொல்லாதது. நீரிழிவினால் பாதம் மரத்தவர்க்குச் சுட்டதே தெரியாது. "அம்மன் அருளால் எனக்கு ஒன்றும் சுடவில்லை" என்று மகிழ்ச்சியோடு வீடு சென்று, நான்காம் நாள் சீழ் வைத்த காலோடு கிளினிக்குக்குச் செல்லும் நிலை நேரலாகாது. பூக்குழி இறங்கிய நீரிழிவு அன்பர்கள் அனைவரின் பாதங்களையும் அன்றிரவே விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

999க்குச் சொல்ல வேண்டியவை

அழைப்பை முதலில் ஏற்பவர் ஒருவர்; ஆம்புலன்சை அனுப்புபவர் வேறொருவர். இருவரிடமும் பொறுமையாக, தெளிவாகக் கூற வேண்டும்: இடம், என்ன நேர்ந்தது, எத்தனை பேர், விழிப்புண்டா, மூச்சுண்டா, அழைப்பவரின் எண். அவர் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்கலாகாது. தோட்டத்தில் பிறந்த நமக்கு "ஆறாம் நம்பர் மலைக்குக் கீழே, பழைய பெரட்டுக்களம் பக்கம்" என்றால் விளங்கும். மலைக்கு வெளியே அமர்ந்து அழைப்பை ஏற்பவர்க்கு விளங்காது. கோயிலின் முழுப்பெயர், தோட்டத்தின் பெயர், பெருஞ்சாலையிலிருந்து எந்தத் திருப்பம், அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பவற்றை மலாய் மொழியில் ஓர் அட்டையில் எழுதி அலுவலக மேசையிலும் ஒலிபெருக்கிக் கூடத்திலும் ஒட்டிவைத்தல் வேண்டும். கைத்தொலைபேசிக்கு அலை எட்டாத பள்ளங்கள் தோட்டத்தில் உண்டாதலால், எட்டும் இடம் எதுவென்று திருவிழாவுக்கு முன்னரே நடந்து பார்த்துக் குறித்துக்கொள்க.

அழைத்த பின் தொண்டர் ஒருவர் ஒளிரும் சட்டையும் கைவிளக்குமாகத் திருப்பத்துக்குச் சென்று நிற்க வேண்டும். பனிமூட்டத்தில் கோயில் வளைவு தெரியாமல் வாகனம் கடந்து சென்றுவிடக்கூடும். இரதம் வரும் பாதையில் ஒரு வாகனம் செல்லுமளவு இடம் எந்நேரமும் காலியாக இருத்தல் வேண்டும். உபயகாரரின் காராயினும் அங்கு நிற்கலாகாது.

ஆம்புலன்ஸ் வந்ததும் ஒருவர் மட்டும் பேசுக. வயது, கண்டது, கண்ட நேரம், சர்க்கரை அளவு, கொடுத்தது, வழக்கமான மருந்துகள். இவை ஒரு சிறு தாளில் எழுதப்பட்டிருப்பின் மருத்துவ உதவி அதிகாரி அதனை வாங்கி உடன் கொண்டு செல்வார். மருந்துப் பையை வீட்டிலிருந்து எடுத்துவர உறவினர் ஒருவரை அழைத்தவுடனே அனுப்பிவிடுக.

இவ்வாண்டுத் திருவிழாவில் முதலுதவிப் பந்தல் பூக்குழிக்கும் அன்னதானக் கூடத்துக்கும் இடையில், தண்ணீர்க் குழாய்க்கு அருகில் அமையும். அங்கே இரு குளுக்கோமீட்டர்களும், சீனியும், போர்வைகளும், மடக்கு நாற்காலியும் வைக்கப்பட்டிருக்கும். நேர்த்திக்கடன் செலுத்துவோர் பெயர்ப் பதிவின்போது தங்கள் நோயையும் மாத்திரையையும் மறைக்காமல் கூறுமாறு வேண்டிக்கொள்கின்றோம். நீரிழிவு, இதயநோய், வலிப்பு உள்ளோரின் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு ஒரு சிவப்புக் கயிறும் கட்டப்படும். அதனைக் கண்ட தொண்டர் அவரைச் சற்றுக் கூடுதலாகக் கவனித்து வருவார்.